வல்லுநர்களின் கணினிகளை நிர்வகித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கணினி நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் நிரலாளர்கள், நெட்வொர்க் பொறியாளர்கள், தரவுத்தள வல்லுநர்கள். இப்பிரிவில் புதிதாகச் சேருபவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களுடன்தான் வருகிறார்கள். பொறியாளர்கள் எங்களிடம் கேட்பவையும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அவர்களே கணினி வல்லுநர்கள். அவர்களுடைய கணினியைப் பார்த்துக்கொள்ள நாம் எதற்கு?

ஒரு கணினியை ஆழமாக அறிந்திருப்பதும், நூற்றுக்கணக்கான கணினிகளை ஆண்டு முழுவதும் ஒழுங்காக வைத்திருப்பதும் வெவ்வேறு வேலைகள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கே திருத்தம் எழுதித் தரக்கூடிய ஒருவர், தம் மடிக்கணினியின் வாரண்டி எப்போது முடிகிறது, அதன் டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறதா, அதிலுள்ள மென்பொருள்களில் எவற்றுக்கு நிறுவனம் லைசென்ஸ் வாங்கியிருக்கிறது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அந்த மடிக்கணினி ரயிலில் தொலைந்துபோனால் உடனே அதன் அனுமதிகளைத் துண்டிப்பதும், மறுநாள் காலை அதே அமைப்புகளுடன் வேறொன்றை அவர் கையில் கொடுப்பதும் நம் வேலை.

அவர் தாமே செய்துகொள்ளக்கூடிய வேலையாக இருந்தாலும் அதற்குச் செலவாவது அவருடைய நேரம். பிரின்டர் டிரைவரோடு ஒரு மணி நேரம் போராடுவதற்காக நிறுவனம் அவரை வேலைக்கு எடுக்கவில்லை.

என்னைவிட அதிகம் தெரிந்தவரிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்? அவர் பதிவுசெய்த உதவிக் கோரிக்கையை, அதாவது டிக்கெட்டைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது.

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதவரை தயக்கத்துக்குக் காரணமே இல்லை. "இந்தப் பகுதி எனக்குப் பழக்கமில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்பவரை எந்த நல்ல பொறியாளரும் குறைவாக நினைப்பதில்லை. "ரீஸ்டார்ட் செய்தீர்களா" என்று மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருப்பார். இதுவரை என்னென்ன செய்து பார்த்தார், கடைசியாக எது மாறியது, திரையில் வந்த பிழைச்செய்தியின் சரியான வாசகம் என்ன என்று கேளுங்கள். பல நேரங்களில் அவர் கொடுக்கும் விவரத்திலேயே பாதித் தீர்வு இருக்கும்.

அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது மொத்த அலுவலகத்தையும் சேர்த்துப் பார்க்கும் பார்வை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட் காலையிலிருந்து மந்தமாக இருக்கிறது என்று ஒருவர், தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்.எஸ்.ஹெச். அமைப்புகளையே துருவிக்கொண்டிருப்பார். அதே வரிசையில் இன்னும் மூவர் அதையே சொல்லியிருப்பது நமக்குத்தான் தெரியும். கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச்சைப் பார்த்தால், அந்த வரிசைக்குப் போகும் இணைப்பு 1000 எம்.பி.பி.எஸ்.-இலிருந்து (நொடிக்கு மெகாபிட்) 100-க்கு இறங்கியிருக்கும். கிகாபிட் எனப்படும் அந்த 1000 வேகத்துக்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு 2 ஜோடி போதும் என்பதால், ஒரு ஜோடி அறுந்த கேபிள் முழுவதும் நின்றுபோகாமல் மெதுவாக மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது.

எல்லாருக்கும் ஒரே மடிக்கணினி வாங்கினால் நிர்வாகம் எளிதாகிவிடுமே?

நமக்கு எளிதாகும், அவர்களுக்கு ஆகாது. கணினிக்குள் ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் போலச் செயல்படும் எமுலேட்டரையும், நிரல்களைத் தனித்தனி அடைப்புகளில் ஓட்டும் ஐந்தாறு கன்டெய்னர்களையும் ஒன்றாக ஓட்டுபவருக்கு 16 ஜி.பி. ராம் போதாது, ஆவணங்களும் கூட்டங்களுமாக நாளைக் கழிப்பவருக்கு அதுவே மிகுதி. இரண்டு அல்லது மூன்று மாடல்களோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு உதிரி இயந்திரங்களை அலமாரியில் வைத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் பயன்படுத்தப்போகிறவர்களைக் கேளுங்கள். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்புடன் மடிக்கணினிகளை வெளியிட்டபோது, இன்டெல் சிப்புக்காகக் கட்டப்பட்ட கன்டெய்னர் இமேஜ்கள் (கன்டெய்னரைத் தொடங்க உதவும் தொகுப்புகள்) அவற்றில் நேரடியாக ஓடவில்லை. இன்டெல் சிப்பைப் போல நடிக்கும் எமுலேஷன் வழியாக மெதுவாக ஓடின, சில ஓடவே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அதேபோல், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது என்பது போன்ற காலக்கெடுக்களை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ரூட் அனுமதி வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா?

ரூட் என்பது லினக்ஸில் எதையும் மாற்றக்கூடிய முழு அனுமதி. அதைக் கொடுப்பது எந்தக் கணினி என்பதைப் பொறுத்தது. அவர் ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் மடிக்கணினியில் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. நாள்தோறும் புதிய நிரல் நூலகங்களை நிறுவி, போர்ட்டுகளைத் திறந்து, கெர்னல் அமைப்புகளை மாற்றிப் பார்ப்பவரை ஒவ்வொரு முறையும் டிக்கெட் போடச் சொன்னால், இரண்டு வாரத்தில் அவர் வேறு வழி கண்டுபிடித்துவிடுவார். அந்த வழி நம் கண்ணில் படாது. கொடுக்கும்போது சில நிபந்தனைகளை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். டிஸ்க் என்கிரிப்ஷனை நிறுத்தக் கூடாது, பாதுகாப்பு மென்பொருளை நீக்கக் கூடாது, பிழைதிருத்தப் பேட்சுகளைக் காலவரையின்றித் தள்ளிப்போடக் கூடாது. கணினியை அவரே கெடுத்துக்கொண்டால் நாம் சிறிது நேரம் பார்ப்போம், சரியாகாவிட்டால் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவித் தருவோம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் நிலைமை வேறு. ரூட் கடவுச்சொல்லைப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டால், நேற்று இரவு அங்கே யார் என்ன செய்தார் என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் 1980 வாக்கில் எழுதப்பட்ட சூடோ என்ற கட்டளை இன்றும் நிலைத்திருப்பது இந்தத் தேவையால்தான். அவரவர் தம் கடவுச்சொல்லாலேயே உயர் அனுமதி பெறுகிறார், கட்டளை அவர் பெயரில் பதிவாகிறது. ஆனால் சில கட்டளைகளை மட்டும் அனுமதித்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கோப்பைத் திருத்துவதற்காக விம் எடிட்டரைச் சூடோவில் அனுமதித்தால், அதற்குள்ளிருந்தே, ரூட்டாக எந்தக் கட்டளையும் இடக்கூடிய ஷெல்லைத் திறந்துவிடலாம். இது பொறியாளர்களுக்கு முதல் நாளே தெரியும். கோப்பைத் திருத்த மட்டும் அனுமதிக்கும் சூடோஎடிட் இத்தகைய தேவைக்கென்றே இருக்கிறது.

விண்டோஸில் அன்றாட வேலைக்கு ஒரு கணக்கு, நிறுவல் வேலைக்குத் தனியாக ஓர் அட்மின் கணக்கு என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருக்கக் கூடாது. கணினிக்கொரு கடவுச்சொல்லைத் தானாகவே உருவாக்கி மாற்றிவரும் லாப்ஸ் வசதி 2023 ஏப்ரல் முதல் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது.

"சூடோ வேண்டாம், டாக்கர் குழுவில் மட்டும் சேர்த்துவிடுங்கள்" என்கிறார் ஒருவர். இது சிறிய கோரிக்கைதானே?

சிறியதன்று. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் சேவை வழக்கமாக ரூட்டாக ஓடுகிறது. டாக்கர் குழுவில் இருந்து அதற்குக் கட்டளையிடக்கூடிய எவரும் சர்வரின் முழுக் கோப்பமைப்பையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து (மவுன்ட் செய்து) எதையும் மாற்றிவிடலாம். வாசல் சாவியைத் தர மறுத்துவிட்டுக் கொல்லைப்புறச் சாவியை எடுத்துக் கொடுப்பது போன்றது இது. அதோடு, சூடோவில் கிடைக்கும் பதிவும் இதில் கிடைக்காது.

பெரும்பாலும் கேட்பவரிடம் தவறான நோக்கம் எதுவும் இருக்காது. அவருக்குக் கன்டெய்னர் ஓட்ட வேண்டும், அவ்வளவே. பொதுச் சர்வராக இருந்தால், ரூட் சேவை இல்லாமலே கன்டெய்னர் ஓட்டும் பாட்மேனையோ, ரூட் இல்லாமல் ஓடும் டாக்கரையோ அமைத்துக் கொடுங்கள். அவருடைய சொந்த மடிக்கணினியாக இருந்தால் முந்தைய பதிலில் சொன்னபடி அவருக்கு ரூட் ஏற்கெனவே இருக்கும் என்பதால் இந்தக் கேள்வி எழாது.

பேட்ச் போட்டால் வேலை கெடுகிறது என்று அப்டேட்டை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். கெர்னல் மாறியதும் திரையை இயக்கும் என்விடியா டிரைவர் ஏறாமல் திரை கறுத்துப்போன காலையை மறந்துவிட்டு யாரும் அடுத்த அப்டேட்டுக்கு இசைய மாட்டார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் அப்டேட்டால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாக நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்ட வேண்டியிருந்தது. அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் அதே நிலையில் கிடந்த இடங்களில் நிர்வாகிகள் பட்ட பாடு சொல்லி மாளாது. உங்கள் அலுவலகத்தில் அந்தச் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று இன்றே பார்த்து வையுங்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் அதே அளவு வலுவானது. 2021 ஜனவரியில் சூடோவிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. சூடோ அனுமதியே இல்லாத சாதாரணப் பயனர் ஒருவர் அதைக் கொண்டு ரூட் ஆகிவிட முடியும். அந்தப் பிழை 2011 முதல் அங்கேயே இருந்திருக்கிறது. பத்தாண்டுகள் அமைதியாக இருந்த பிழை, வெளியான அன்றிலிருந்து எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே நடைமுறை இதுதான்: முதலில் நம் பிரிவின் கணினிகளுக்கு, அடுத்து முன்வந்து பெயர் கொடுத்தவர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று படிப்படியாகப் போடுங்கள், ரீஸ்டார்ட் நேரத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு கடைசி நாள் இருக்கட்டும். இரவு முழுவதும் ஓடும் சோதனையை நள்ளிரவில் கொன்றுவிடும் ஒரே ஒரு கட்டாய ரீஸ்டார்ட் போதும், அந்தக் குழு நம்மை நம்புவதை நிறுத்திவிடும்.

பாதுகாப்பு மென்பொருளால் கம்பைல் மந்தமாகிறது என்கிறார்கள். உண்மையா, சாக்கா?

பெரும்பாலும் உண்மை. ஒரு பெரிய புராஜெக்டைக் கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும்போது, பல்லாயிரம் சிறு கோப்புகள் உருவாகி அழிகின்றன. ஒவ்வொன்றும் திறக்கப்படும்போது நிறுத்திச் சோதித்தால் நேரம் ஏறத்தான் செய்யும். வாதம் வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரே நிரலை ஒரே கணினியில், அந்த மென்பொருளின் சோதனை இருக்கும்போதும் இல்லாதபோதும் அவரையே கம்பைல் செய்து காட்டச் சொல்லுங்கள். நம் முன்னால் எண் இருந்தால் பேச்சு சுருங்கிவிடும்.

பிறகு கம்பைல் வெளியீடு விழும் ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். முழு ஹோம் டைரக்டரிக்கோ முழு டிஸ்கிற்கோ கொடுக்கக் கூடாது, ஏனெனில் பிரௌசரிலிருந்து இறங்கும் கோப்புகளும் அங்கேதான் விழுகின்றன. விண்டோஸ் 11-இல் 2023-இல் வந்த டெவ் டிரைவ் என்ற தனிச் சேமிப்புப் பகுதி இதற்கென்றே அமைக்கப்பட்டது; அதில் கோப்பைத் திறக்கும் வேலை முடிந்த பிறகே விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் சோதிக்கிறது.

உபுண்டுவில் பைத்தான் பதிப்பை மாற்றினேன், இப்போது டெர்மினலே திறக்கவில்லை. ஏன்?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் நல்ல பைத்தான் நிரலாளராகவே இருப்பார். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு தன் சொந்த வேலைகள் பலவற்றுக்குப் பைத்தான் நிரல்மொழியையே நம்பியிருக்கிறது. தொகுப்புகளைச் சேர்க்கும் கருவிகளும், கட்டளைகளைத் தட்டும் சாளரமான க்னோம் டெர்மினலைத் தொடங்கும் சிறு ஸ்கிரிப்டும் அதோடு வந்த பதிப்புக்கு ஏற்பக் கட்டப்பட்டவை. பைத்தான்3 என்ற பெயர் வேறொரு பதிப்பைச் சுட்டும்படி இணைப்பை மாற்றிவிட்டால் அவை தமக்கு வேண்டிய பகுதிகளைக் காணாமல் நின்றுவிடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒன்றாக அழுத்தினால் எழுத்து முனையம் ஒன்று கிடைக்கும். அதில் நுழைந்து இணைப்பைப் பழைய பதிப்புக்கே திருப்பினால் டெர்மினல் திரும்பிவிடும்.

இத்தகைய குழப்பங்களைக் குறைக்கத்தான் டெபியன் 12 என்ற மற்றொரு லினக்ஸும் உபுண்டு 23.04-உம் 2023 முதல், சிஸ்டம் பைத்தானுக்குள் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் நேரடியாக நிறுவுவதை மறுக்கின்றன. அந்த மறுப்பை மீறுவதற்கான விருப்பமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வதோடு நிற்காமல், புராஜெக்டுக்கு ஒரு தனிச் சூழல் உருவாக்கும் ஸ்கிரிப்டை நாமே எழுதி வைத்தால் பெரும்பாலோர் அதையே எடுத்துக்கொள்வார்கள்.

டிஸ்கில் இடம் இருப்பதாகக் காட்டுகிறது; ஆனால் இடமில்லை என்று எழுத மறுக்கிறது பில்ட் சர்வர். யார் மேல் தவறு?

பில்ட் சர்வர் என்பது பலருடைய நிரல்களைக் கம்பைல் செய்து தொகுக்கும் பொதுக் கணினி. அதில் மூன்று இடங்களில் பாருங்கள். சிறு கோப்புகள் பெருகி, கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடு எனும் பதிவிடங்கள் தீர்ந்திருக்கலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கி வைப்பதால், மற்றவர்களுக்கான இடம் முன்னதாகவே முடிந்திருக்கலாம். இதற்கு நேர்மாறாக, டைரக்டரிகளைக் கூட்டினால் இடம் இருக்க வேண்டும், ஆனால் டிஸ்க் நிரம்பியதாகக் காட்டுகிறது என்றால், யாரோ அழித்த பெரிய லாக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கும். அந்த நிரலை நிறுத்தினால்தான் இடம் திரும்பும். பொதுச் சர்வரில் பயனருக்கு இவ்வளவு என்று கோட்டா வைப்பதும், பழைய டாக்கர் இமேஜ்களை வாரந்தோறும் துடைப்பதும் இந்தக் கேள்வியையே அரிதாக்கிவிடும்.

வீட்டிலிருந்து ரவுட்டர் கொண்டுவந்து மேசையில் மாட்டியிருக்கிறார். பிடுங்கிவிடலாமா?

உடனே துண்டிக்க வேண்டிய ஒரு நிலை உண்டு. வீட்டு ரவுட்டரின் லேன் போர்ட்டை அலுவலகச் சுவர் பாயின்ட்டில் செருகினால், அதிலுள்ள, நெட்வொர்க் முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டி.ஹெச்.சி.பி. சேவை அக்கம்பக்கத்துக் கணினிகளுக்கும் தன் முகவரிகளை வழங்கத் தொடங்கும். காலையில் வந்து கணினியைத் திறப்பவர்கள் ஒவ்வொருவராக இணைப்பை இழப்பார்கள். ஸ்விட்ச்சில் டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங் என்ற தடுப்பைப் போட்டிருந்தால் இது பரவாது.

துண்டித்த பிறகு அவரிடம் போய், எதற்காக மாட்டினார் என்று கேளுங்கள். அநேகமாக ஒரு கருவியைச் சோதிக்கத் தனி நெட்வொர்க் தேவைப்பட்டிருக்கும், நம்மிடம் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும் என்று எண்ணியிருப்பார். அவருக்கு ஒரு தனி வீலேனை (அதே ஸ்விட்ச்சுகளில் பிரித்து அமைக்கும் நெட்வொர்க்கை) அமைத்துக் கொடுப்பது அரை நாள் வேலை. முகவரிகளைப் பங்கிடும்போது டாக்கர் இயல்பாக எடுத்துக்கொள்ளும் 172.17 என்று தொடங்கும் முகவரி வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். அலுவலக நெட்வொர்க்கோ, வெளியிலிருந்து அதில் இணைய உதவும் வி.பி.என்.-ஓ அதே வரிசையில் இருந்தால், டாக்கர் நிறுவிய கணினிகளிலிருந்து மட்டும் சில சர்வர்கள் எட்டாமல் போகும். காரணம் தெரியாவிட்டால் அதைத் தேடி ஒரு வாரமே வீணாகும்.

90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். விதி விதிதானே?

இதில் அவர்கள் பக்கமே சரி. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, கடவுச்சொல் கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று கூறிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அந்த விதி இருப்பதால் நாம் கட்டுப்பட்டிருக்கிறோம் என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். "பாதுகாப்புக்காக" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். விதியை மாற்றும் வாய்ப்பு நம் கையில் இருந்தால், நீண்ட கடவுச்சொல், அதோடு உள்நுழையும்போது கணினியில் செருகும் ஹார்டுவேர் சாவி என்று மாற்றிவிடுங்கள்.

கணினி தெரிந்தவர்கள் எளிதில் ஏமாற மாட்டார்கள் அல்லவா? பாதுகாப்புப் பயிற்சி மற்றவர்களுக்கு மட்டும் போதாதா?

தாக்குபவர்கள் தேடி வருவது இவர்களைத்தான், ஏனெனில் சாவிகள் இவர்களிடம் இருக்கின்றன. 2022-இல், கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் பேக்கப்புகளைத் திறக்கும் சாவிகளை எட்டக்கூடியவர்கள் அங்கே நான்கு டெவ்ஆப்ஸ் (சர்வர்களை இயக்கும்) பொறியாளர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியில், புதுப்பிக்கப்படாமல் இருந்த மூன்றாம் தரப்பு மீடியா மென்பொருள் ஒன்றின் ஓட்டை வழியாக நுழைந்து, விசைகளைப் பதிவுசெய்யும் நிரலை வைத்து, அவர் தட்டிய முதன்மைக் கடவுச்சொல்லைத் தாக்கியவர்கள் எடுத்துவிட்டார்கள். அந்தப் பொறியாளர் அறிவில் குறைந்தவர் என்பதால் இது நடக்கவில்லை. நிறுவனத்தின் மிக உயர்ந்த அனுமதி, நிறுவனம் பராமரிக்காத ஒரு கணினியில் பயன்படுத்தப்பட்டதால் நடந்தது. உயர் அனுமதிகள் நாம் பராமரிக்கும் கணினியிலிருந்து மட்டுமே வேலை செய்யும்படி அமைப்பது நம் பொறுப்பு.

அதே வேளையில், நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த காவலர்களும் இவர்களே. 2024 மார்ச்சில், மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்.எஸ்.ஹெச். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அதைக் கடந்து போகாமல் தோண்டிப் பார்த்ததால்தான், உலகெங்கும் லினக்ஸில் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒளித்து வைக்கப்பட்டிருந்த, அனுமதியின்றி நுழையும் பின்வாசல் பரவலாகப் போய்ச் சேரும் முன்பே வெளிப்பட்டது. உங்கள் அலுவலகத்துப் பொறியாளர் ஒருவர் "ஏதோ சரியில்லை, ஆனால் என்னவென்று தெரியவில்லை" என்று டிக்கெட் போட்டால், விவரம் போதாது என்று அதை மூடிவிடாதீர்கள்.

இலவச மென்பொருள்தானே, இறக்கிக்கொள்ள எதற்கு அனுமதி?

இலவசம் என்பது யாருக்கு, எதுவரை என்பதைப் படிக்க வேண்டும். டாக்கர் டெஸ்க்டாப் பல ஆண்டுகள் அனைவருக்கும் இலவசமாக இருந்தது. 2021 ஆகஸ்ட் இறுதியில், 250-க்கு மேல் பணியாளர்களோ ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வருவாயோ உள்ள நிறுவனங்கள் சந்தா செலுத்த வேண்டும் என்று அதன் நிபந்தனை மாறியது. லினக்ஸில் ஓடும் டாக்கர் எஞ்சினுக்கு அந்த நிபந்தனை இல்லை. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு பொறியாளரும் தேடிப் படிக்க வேண்டியதில்லை. நாம் படித்து ஒரு பட்டியலாக வைத்திருந்தால் போதும்.

லைசென்ஸ் பூட்டை உடைத்த மென்பொருள் என்றால் பேச்சே இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது.

எல்லாமே கிட்டில் இருக்கிறது. என் கணினிக்கு பேக்கப் வேண்டாம் என்கிறேன், ஏன் வற்புறுத்துகிறீர்கள்?

கிட்டுக்குப் போய்ச் சேர்ந்தவை மட்டுமே அங்கே இருக்கின்றன. இன்னும் கிட் சர்வருக்கு அனுப்பாத (புஷ் செய்யாத) கிளைகள், சோதனைக்கு இறக்கிய தரவுகள், பாதி அமைத்த விர்ச்சுவல் மெஷின், சோதனைச் சர்வர்களின் அமைப்புக் கோப்புகள் ஆகியவை உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று பிறருடைய நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். வாடிக்கையாளர்களின் கோட் களஞ்சியங்கள் தப்பின. ஆனால் அவற்றைச் சுற்றி எழுதப்பட்ட குறிப்புகள், பிழை விவரங்கள், புதிய பயனர் கணக்குகள் என 6 மணி நேரத் தரவு திரும்பவே இல்லை. அன்றாட பேக்கப் எடுக்கும் நிரல், பதிப்புப் பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதை அறிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன.

ஆகவே நிர்வாகிகளுக்குச் சொல்வது: மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கணினியின் பேக்கப்பை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பாருங்கள். ஒரு நகல் அதே கட்டடத்தில் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அலுவலகத்தை எட்டவே முடியாமல் நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கணினியில் நாங்கள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

பொறியாளர்கள் நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. நேரடியான பதில் அவர்களுக்கு உரியது. நம் மென்பொருள் எந்தெந்த விவரங்களைச் சேகரிக்கிறது, யார் அவற்றைப் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்பதை எழுதி எல்லாரும் படிக்கும் இடத்தில் வையுங்கள். எப்படியும் அவர்கள் நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் சொல்லாத ஒன்று அதில் இருந்தால் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது.

சில பதிவுகளை வைத்திருப்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை, அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் தட்டும் விசைகளையும் அவர் திரையையும் பதிவுசெய்யச் சொல்லி யாரேனும் கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

மேசைக்கு அடியில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பட்டியலில் இல்லை. அணைத்துவிடட்டுமா?

அணைக்க வேண்டாம். அதில்தான் ஒரு குழுவின் இரவு பில்ட் ஓடிக்கொண்டிருக்கும். உரியவரைக் கண்டுபிடித்து, எதற்காக அது தேவைப்பட்டது என்று கேட்டு, பட்டியலில் சேர்த்து, யு.பி.எஸ். உள்ள அறைக்கு மாற்றுங்கள். ரவுட்டரைப் பற்றிய பதிலில் சொன்னதே இங்கும் பொருந்தும்.

மூத்த கட்டமைப்பாளர் ஒருவர் தமக்கு மட்டும் எல்லா விதியிலிருந்தும் விலக்கு வேண்டும் என்கிறார். மேலாளரும் ஆமோதிக்கிறார். நான் என்ன செய்வது?

"எல்லா விதி" என்பதைப் பிரித்துக் கேளுங்கள். உட்கார்ந்து பேசினால் அநேகமாக ஒன்றிரண்டு விதிகள்தான் அவரைத் தடுத்துக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்று எல்லாருக்குமே தேவையற்றதாகக்கூட இருக்கும். எஞ்சியதற்கு விலக்குக் கொடுக்கலாம். ஆனால் காரணம், பொறுப்பேற்பவர் பெயர், முடியும் நாள் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முடியும் நாள் இல்லாத விலக்கு, கேட்டவரே மறந்த பிறகும் நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வாலில் திறந்த போர்ட்டாகக் கிடக்கும். மறுக்கத்தான் வேண்டும் என்றால் தனியாக மறுக்காதீர்கள். இழப்பு நேர்ந்தால் எவ்வளவு என்பதை எழுதி, ஏற்பதா வேண்டாமா என்ற முடிவை அதற்குப் பொறுப்பான மேலதிகாரியிடம் விடுங்கள்.

பத்தாண்டு இருந்த வல்லுநர் வேலையை விட்டுப் போகிறார். கணக்கை முடக்கினால் போதும்தானே?

மற்றவர்களுக்குப் போதும், இவருக்குப் போதாது. இரவில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் அவர் பெயரில் இருக்கும். கிளவுட் கணக்கின் ரூட் உள்நுழைவுக்கான ஆறிலக்க எண் அவருடைய சொந்தக் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கும். நிறுவனத்தின் டொமைன் (இணையப் பெயர்) ஒன்று, அவசரத்தில் அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அங்கேதான் போகும். கடவுச்சொல் இல்லாமலே அவரை உள்ளே விடும் அவருடைய எஸ்.எஸ்.ஹெச். பொதுச் சாவி, நாம் மறந்துபோன சர்வர்களிலும் இருக்கும்; கணக்கை மைய இடத்தில் முடக்கினாலும் ரூட் பயனரின் சாவிப் பட்டியலில் கிடக்கும் அந்த வரி தொடர்ந்து வேலை செய்யும்.

எனவே அவர் இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போதே, விடைபெறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு, அவருடைய ஒப்புதலோடு அவர் கணக்கை ஒரு நாள் முழுவதும் முடக்கி வையுங்கள். வார நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். எது எது நின்றுபோகிறதோ அதையெல்லாம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து பொதுச் சேவைக் கணக்குக்கு மாற்றித் தருவார். முடக்கத்தில் சிக்காத சாவிகளை அவருடன் சேர்ந்து சர்வர் சர்வராகத் தேடி நீக்குங்கள். மாத இறுதியில் மட்டும் ஓடும் வேலைகளும் அந்த ஒரு நாளில் தெரியாது. அவற்றின் பட்டியலையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.